நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு: தூத்துக்குடியா, திருவனந்தபுரமா?

கேள்வி: ஐப்பசியில் சென்னையில் ஒரு கல்யாணம். வயதான அப்பா, அம்மாவோடு மூன்று பேராக விமானத்தில் போகலாம் என்றிருக்கிறோம். தூத்துக்குடி–சென்னை 530 கிலோமீட்டர், 45 நிமிடம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. திருவனந்தபுரம்–சென்னை 615 கிலோமீட்டராம். தூத்துக்குடி டிக்கெட் ஆளுக்கு 600 ரூபாய் குறைவு. அதையே எடுத்துவிடலாமா?
– வாசகி, வடசேரி, நாகர்கோவில்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 530 கிலோமீட்டர் என்பது சரிதான், ஆனால் அது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த நேர்தூரம். அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்தால் 45 நிமிடம் வந்துவிடும். சென்னை–தூத்துக்குடி தடத்தில் பல காலமாகப் பறப்பதோ ஏடிஆர் என்கிற புரொப்பல்லர் விமானம். ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும், ஏடிஆர் சுமார் 500தான். அதோடு, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, சென்னையில் போய் நிற்பதுவரை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து ஏர்பஸ் ஜெட்டில் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2025இல் தூத்துக்குடி ஓடுபாதையைச் சுமார் 3,000 மீட்டராக நீட்டிவிட்டார்கள், பெரிய விமானமும் இறங்கலாம். அதனால் பதிவு செய்யும்போது விமானத்தின் வகையைப் பாருங்கள். ஏடிஆர் என்றால் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சின்னது. பட்டுப்புடவைப் பெட்டியைக் கையில் கொண்டுபோக நினைத்தால் யோசிக்க வேண்டும்.

வானத்தில் வித்தியாசம் இல்லை, சாலையில்தான் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கிலோமீட்டர் சுமார். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளம் 110 வரும். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர் ஊராக நெரிசலில் ஊர்ந்து போகிற 70 அது. பகலில் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். தூத்துக்குடிப் பக்கமோ, காவல்கிணறு தாண்டினால் நான்குவழிச் சாலை, திருநெல்வேலி வரை வண்டி தடையில்லாமல் ஓடும். இரண்டு பக்கமும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

காசு? மூன்று பேருக்கு 1,800 ரூபாய் மிச்சம். கூடுதல் 40 கிலோமீட்டருக்கு டாக்ஸிக்காரர் திரும்பும் தூரத்தையும் சேர்த்து 80க்கு வாங்குவார், டோல் தனி. திருவனந்தபுரம் என்றால் கேரள பெர்மிட் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு தொகையையும் எழுதிப் பாருங்கள், 1,800இல் பாதியாவது கரைந்திருக்கும்.

மார்த்தாண்டம் பக்கம் இருந்து யாராவது இதே கேள்வியைக் கேட்டால், யோசிக்கவே வேண்டாம், திருவனந்தபுரம் என்பேன். ஆரல்வாய்மொழிக்காரருக்குத் தூத்துக்குடி. நடுவில் இருக்கும் உங்களுக்கு விமானம் கிளம்பும் நேரம்தான் முக்கியம். விடியற்காலை விமானம் என்றால் மார்த்தாண்டம் சாலை காலியாக இருக்கும், திருவனந்தபுரமே நல்லது. பகல் விமானம் என்றால், பெற்றோரை நெரிசலில் உட்கார வைக்காமல் தூத்துக்குடிக்கே போங்கள். எங்கே ஏறினாலும் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

திருவனந்தபுரம் எடுத்தால் இரண்டு விஷயம். டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். சங்குமுகம் பக்கம் ஒன்று, சாக்கை பக்கம் இன்னொன்று. நடுவில் ஓடுபாதை, தவறான பக்கம் இறங்கினால் சுற்றித்தான் வர வேண்டும். அப்புறம், நீங்கள் போவது ஐப்பசியில். பத்மநாபசுவாமி கோவில் ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும்) ஊர்வலம் ஓடுபாதை வழியாகவே கடலுக்குப் போவதால், பங்குனியிலும் ஐப்பசியிலும் அந்த ஒரு நாள் மாலை சுமார் 5 மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. உங்கள் பயணமும் அந்தத் தேதியில் விழுந்தால் காலை விமானமாகப் பார்த்து எடுங்கள்.