சிங்கப்பூரில் பிஆர் போடலாமா, ஊர் திரும்பலாமா: மன்னார்குடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். ஈபியில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ், கூடுதல் சம்பள வேலைக்கான அனுமதி) வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வயது 31, மாதச் சம்பளம் 7,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மனைவியும் நாலு வயதுப் பையனும் மன்னார்குடியில் அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். காலையில் எம்ஆர்டி ரயிலில் ஏறவே முடியவில்லை, அறை வாடகை கழுத்தைப் பிடிக்கிறது, கூட வேலை பார்ப்பவர் ஒருவர் "ஊர் நிறைஞ்சு போச்சு, இனிமே வெளியாளை எடுக்க மாட்டாங்க" என்று வேறு சொல்லிவிட்டார். உலகத்தில் 800 கோடிப் பேர் ஆகிவிட்டோம், எல்லா நாடும் கதவைச் சாத்தப் போகிறது, அதற்குள் பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) போட்டுவிடவா, இல்லை கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்கே போய்விடவா என்று கேட்கிறீர்கள்.

நான் 1990களின் கடைசியில் நர்ஸாக வந்தவள். இப்போது இந்நாட்டுக் குடிமகள், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நீங்கள் எம்ஆர்டியில் பார்க்கும் சிங்கப்பூரும் நான் வார்டில் பார்க்கும் சிங்கப்பூரும் வேறு வேறாக இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஊர் நிறைந்துவிட்டது என்று உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 1965இல் இந்தத் தீவில் சுமார் 19 லட்சம் பேர், 2024இல் 60.4 லட்சம். கடலைத் தூர்த்து நிலத்தைக் கூட்டியும் மொத்தப் பரப்பு 735 சதுர கிலோமீட்டர் அளவில்தான் நிற்கிறது. 2013இல் அரசாங்கம் 2030க்குள் 69 லட்சம் பேர் வரை ஆகலாம் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நெரிசலும் வாடகையும் அவர்களையும்தானே படுத்தின? உள்ளூர்க்காரர் யாராவது முணுமுணுத்தால் உங்களை வெறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்த 60.4 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். குடிமக்கள் 36.4 லட்சம், பிஆர் 5.4 லட்சம், மிச்சம் 18.6 லட்சம் பேர் உங்களைப் போல ஏதோ ஒரு பாஸில் இருப்பவர்கள். ஏன் இத்தனை பேரை வைத்துக்கொள்கிறார்கள்? இங்கே பிள்ளை பிறக்கவில்லை. 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிய அரசாங்கம்தான் 1987இல், வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று மாற்றிப் பேசியது. 2001இல் குழந்தை போனஸ் வந்தது. எதுவும் எடுபடவில்லை. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை. மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். மாணவர் வரத்துக் குறைந்ததால் 2019இல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகளை (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு நடக்கும் இடங்கள்) நான்காக இணைத்தார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பாலர் பள்ளி இருந்த இடத்தில் இப்போது முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நடக்கிறது.

என் வார்டில் இரவு ஷிஃப்டில் யார் யார் இருப்பார்கள் தெரியுமா? மியன்மாரிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண், பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, கேரளப் பையன் ஒருவன், நான். படுக்கையில் கிடப்பவர்கள் பெரும்பாலும் எண்பதைத் தாண்டிய சீனப் பாட்டிகள். அந்த மியன்மார்ப் பெண் வந்த புதிதில் ஆங்கிலமே தடுமாறினாள், இப்போது "ஆ மா, ஜியாக், ஜியாக்" (பாட்டி, சாப்பிடுங்க) என்று ஹொக்கியன் என்ற சீன மொழியில் கெஞ்சிக் கஞ்சி ஊட்டுகிறாள். பாட்டியும் அவள் கையால் என்றால்தான் வாயைத் திறப்பார். பிலிப்பைன்ஸ்காரி அடுத்த வருடம் இங்கிலாந்து போய்விடுவாள், அங்கேயும் நர்ஸுக்கு ஆள் பற்றாக்குறை. அவளுக்குப் பதிலாக வேறு யாரையாவது வேறு எங்கிருந்தாவது வரவழைக்க வேண்டும். 2024 கணக்குப்படி குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர், 2030இல் நான்கில் ஒருவர் ஆகிவிடுவார். இப்படி இருக்கிற நாடு கதவை முழுக்கச் சாத்தாது.

உலகக் கணக்கும் உங்களைப் பயமுறுத்துகிற மாதிரி இல்லை. 1999இல் 600 கோடி, 2011இல் 700 கோடி, 2022 நவம்பரில் 800 கோடி என்று பார்த்தால் மிரட்டத்தான் செய்யும். ஆனால் 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் இருந்த வளர்ச்சி இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஐநாவின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பு, 2080களில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு அப்புறம் மெல்ல இறங்கும் என்கிறது. அப்புறம், சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் மொத்தம் சுமார் 30 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மீதிப் பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள், நகர்ந்தாலும் உள்நாட்டுக்குள் நகர்கிறார்கள். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பில் 45 கோடிப் பேர் இடம் மாறியவர்கள் என்று பதிவானது, அதில் ஏறக்குறைய பாதிப் பேர் கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள். உங்கள் அம்மா அப்படி மன்னார்குடிக்கு வாழ வந்தவர் என்றால் அவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்.

நெருக்கடி அதிகமான இடத்திலிருந்து மக்கள் கடல் தாண்டிக் கொட்டுவார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. பரம ஏழையால் அவ்வளவு தூரம் வர முடியாது. விமான டிக்கெட், ஏஜென்ட் பணம், முதல் மாதம் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு, இவை இருந்தால்தான் வர முடியும். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் இங்கே தஞ்சோங் பகாரில் சேர்ந்து குடியிருந்ததும், செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட்டில் கடை போட்டதும், இன்றைக்கும் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கத்து ஆட்களைத் தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) பார்க்க முடிவதும் அப்படித்தான். முன்னே வந்தவர் பின்னே ஒருவரைக் கூப்பிட்டார்.

இன்னொன்று. ஆள் அனுப்பிய ஊர்களிலேயே இப்போது ஆள் குறைகிறது. தமிழ்நாட்டில் 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைதான். உங்கள் டெல்டாவிலேயே நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களே, நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் பையன் வேலைக்குப் போகும் காலத்தில் பல நாடுகள் இளைஞர்களுக்காகப் போட்டி போடும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அப்படியென்றால் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு கவலை. ஒரு நாட்டுக்கு ஆள் தேவைப்படுவது வேறு, அந்த ஆளைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்புவது வேறு. என் சித்தி மகன் வொர்க் பர்மிட்டில் (உடலுழைப்பு வேலைக்கான பாஸ்) கட்டடம் கட்ட வந்தான். இந்த ஊரில் எத்தனையோ புளோக் அவன் கை பட்டு எழும்பியிருக்கிறது. மகள் பிறந்ததை போனில் பார்த்தான், அவள் பேசியதை போனில் கேட்டான், ஏனென்றால் அந்தப் பாஸில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, எத்தனை வருடம் உழைத்தாலும் பிஆருக்கு அது வழியும் இல்லை. 2020 ஏப்ரலில் தொற்றுப் பரவி விடுதிகளை அடைத்தபோது மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வந்திருந்தாலும் கையில் என்ன அட்டை இருக்கிறது என்பதுதான் அவன் வாழ்க்கையையும் உங்கள் வாழ்க்கையையும் பிரிக்கிறது.

உங்கள் அட்டைக்கும் ஒரு கெடு உண்டு. ஈபிக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் பெரும்பாலான துறைகளில் 5,600 வெள்ளி என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கு. வயது ஏற ஏற அந்தக் கோடும் ஏறும், 2025 கணக்கில் 45 வயதில் அது 10,700 வெள்ளியாக இருந்தது. வருடா வருடம் சம்பளம் அதற்கு ஈடாக ஏறாவிட்டால் பாஸ் புதுப்பிக்கும்போது திணறுவீர்கள். பாஸ் தருவதற்குப் புள்ளி போட்டுப் பார்க்கும் முறை 2023 செப்டம்பரில் வந்தது, அதில் உங்கள் கம்பெனியில் எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்பதும் சேர்கிறது. ஆகவே உலகத்தில் எத்தனை கோடிப் பேர் என்பதை விட்டுவிட்டு, உங்கள் வயது, பையன் வயது, அப்பா அம்மா வயது, இந்த மூன்றையும் வைத்து முடிவெடுங்கள்.

பையனுக்கு நாலு. ஏழு வயதாகும் வருடத்தில் இங்கே தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டும். குடிமக்களுக்கும் பிஆருக்கும் இடம் கொடுத்த பிறகுதான் மற்ற பிள்ளைகளுக்கு, கட்டணமும் அதிகம். இப்போதே தனியாக பிஆர் போட ஓடாதீர்கள். மனைவி, பிள்ளையைக் கூட்டிவரும் டிபென்டன்ட் பாஸுக்கு 6,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது, ஆகவே முதலில் இருவரையும் கூட்டி வாருங்கள். உட்லண்ட்ஸ், சுவா சூ காங் மாதிரித் தள்ளிப் போய் வீடு பாருங்கள். ஒரு வருட வருமான வரிக் கணக்கு கையில் வரட்டும், மூவருக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். கிடைக்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். மனைவி வேலைக்குப் போவதாக இருந்தால், 2021 மே மாதத்திலிருந்து அவருக்கும் தனியாக ஒரு வேலைப் பாஸ் வேண்டும், வெறும் டிபென்டன்ட் பாஸில் முடியாது. இதை அவரிடம் ஊரில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், படித்த பெண் இங்கே வந்து நாலு சுவருக்குள் உட்கார்ந்து அழுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பையனுக்கு பிஆர் வந்தால் 18 வயதில் இரண்டு வருடம் தேசிய சேவை (பெரும்பாலும் ராணுவத்தில்) கட்டாயம். என் மகன் செய்துவிட்டு வந்தான், எனக்கு அதில் வருத்தமே இல்லை, ஆள் திடமாகத்தான் திரும்பினான். ஆனால் பிஆரின் வசதிகளை எல்லாம் அனுபவித்துவிட்டுப் பதினாறு வயதில் பையனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பிற்பாடு அந்தப் பிள்ளைக்கு இங்கே படிக்கவோ வேலை செய்யவோ வருவதே சிக்கலாகிவிடும்.

அப்பா அம்மா. நீங்கள் எழுதியதில் அவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார்கள், அதுவும் பேரனைப் பார்த்துக்கொள்பவர்களாக. பெற்றோரை நீண்டகாலப் பாஸில் கூட்டிவர 12,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும். அதற்குள் அவர்களுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று பாருங்கள். நான் இங்கே யார் யாருடைய அம்மாவுக்கோ முதுகு தேய்த்துவிட்டபோது, என் அம்மாவுக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சம்பளத்துக்குச் செய்தாள். பிலிப்பைன்ஸ்காரிக்கும் அதே கதைதான், அவள் அம்மாவை அக்கா மகள் பார்த்துக்கொள்கிறாள். பேரனும் மருமகளும் கிளம்பிய மறுநாள் அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை உங்கள் தங்கையோ அண்ணனோ யாரோடாவது பேசி முடிவு செய்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

நிலத்தை விற்காதீர்கள், வீட்டையும் பூட்டிப் போடாதீர்கள். குடியுரிமையை இப்போது யோசிக்கவே வேண்டாம், இந்தியாவும் சரி சிங்கப்பூரும் சரி இரண்டு பாஸ்போர்ட் வைத்திருக்க விடாது. இந்த மாதமே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், முழங்கால் நன்றாக இருக்கும்போதே விசிட் விசாவில் ஒரு முறை வந்து நீங்கள் எங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும்.