அடுத்தவர் வயலுக்குள்ள நடக்கலாமா? நடக்கலாம், அதுவும் நடுவுல

தம்பி, லண்டன்ல ஹாரோவுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்க வர்ற ஞாயித்துக்கிழமை லண்டனுக்கு வெளிய கிரேட் மிஸ்ஸெண்டன்ங்கிற கிராமத்துல ஆறு மைல் "சர்க்குலர் வாக்" போகலாம்னு கூப்பிடுறாங்க. வழியெல்லாம் யாரோ ஒருத்தரோட வயல், நுழைஞ்சா வம்பு வராதா, நவம்பர் குளிர்ல இது தேவையா, நான் சைவம் வேற, போகலாமா வேண்டாமான்னு கேட்டிருக்கீங்க.

போங்க. வேற எதுக்குத் தயங்கினாலும் அந்த வயல் விஷயத்துக்காகத் தயங்காதீங்க. நான் கும்பகோணம் பக்கத்துக்காரன், விவசாயி மகன். பதினேழு வருஷத்துக்கு முன்னாடி என்னையும் அதே கேள்விதான் குடைஞ்சுது.

என் முதல் நவம்பர்ல நடந்ததைச் சொல்றேன். நாங்க அஞ்சு பேர். ஒரு கேட்டைத் தாண்டினா எதிர்ல பெரிய கோதுமை வயல். இங்க குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்துலயே விதைச்சுடுவாங்க. அப்ப ரெண்டு மூணு அங்குலம் எழும்பி, பார்க்கிறதுக்கு நம்ம நாத்தங்கால் மாதிரியே இருந்துச்சு. கூட வந்தவங்க பேசிக்கிட்டே நேரா வயல் நடுவுல இறங்கிட்டாங்க. எனக்குக் கால் வரல. பயிரை மிதிச்சா எங்க அப்பா என்ன பண்ணுவார்னு எனக்குத்தானே தெரியும்? நான் மட்டும் ஓரமா, வேலியை ஒட்டி, வரப்புல போற நினைப்புல சுத்திப் போனேன்.

பாதி தூரம் போயிருப்பேன், நாலு சக்கர பைக்ல வயல்காரர் வந்து நிறுத்தினார். அறுபது வயசிருக்கும், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். "பாதை இங்க இல்ல, அங்க"ன்னு வயல் நடுவைக் கை காட்டினார். "பயிர் இருக்கே, அதான்"னு இழுத்தேன். அவர் என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அதுக்குத்தான் நானே கோடு போட்டு வெச்சிருக்கேன்"னார். அப்புறம்தான் கவனிச்சேன். பச்சைக்கு நடுவுல ஒரு மீட்டர் அகலத்துல பயிரே இல்லாத பட்டை ஒண்ணு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுது. நடுவுல போயிருந்தா எனக்கு உரிமை உண்டு. பயிருக்குப் பாவம் பார்த்து ஓரமாப் போனதாலதான் அத்துமீறினவன் ஆயிட்டேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்துல வயல் அவரோடது, ஆனா அது வழியாப் போற பாதை எல்லாருக்கும் பொது. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து இப்படி சுமார் 1,40,000 மைல் பொதுப்பாதை இருக்கு. 1949-ல வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு கவுன்ட்டி கவுன்சிலும் எது எது பொதுவழின்னு வரைபடம் போட்டு வைக்கணும். ஒரு தடவை பொதுவழின்னு ஆயிட்டா, முறைப்படி மூடவோ மாத்தவோ செய்யாத வரைக்கும், எத்தனை வருஷம் யாருமே நடக்காம விட்டாலும் அது பொதுவழிதான். வயலைக் குறுக்கே வெட்டிப் போற நடைபாதையை விதைக்கிறதுக்காக உழலாம், ஆனா 14 நாளுக்குள்ள திரும்ப நடக்கிற மாதிரி ஆக்கித் தரணும், அகலம் குறைஞ்சது ஒரு மீட்டர். நம்ம ஊர் புல வரைபடத்துலயும் வண்டிப்பாதை, நடைபாதைன்னு புள்ளிக்கோடு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. அந்தக் கோடு இன்னைக்கு எத்தனை பேர் வயலுக்குள்ள காணாமப் போச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல போய்த்தான் கேட்கணும்.

அதனால யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்ல. விசா, வாடகை வீடு, பேங்க் கணக்குன்னு வந்த நாள்லேருந்து எல்லாத்துக்கும் தாளை நீட்டி நின்னிருப்பீங்க. இந்தப் பாதையில உங்களை ஒரு தாளும் கேட்க மாட்டாங்க. மரக்கம்பத்துல மஞ்சள் அம்புக்குறி இருந்தா நடக்கிறவங்களுக்கு. நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும்கூட வரும், கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. பாதையை விட்டு விலகாம, கேட் மூடியிருந்தா மூடிட்டு, திறந்திருந்தா திறந்தபடியே விட்டுட்டுப் போங்க. திறந்து வெச்சதுக்கும் காரணம் இருக்கும், ஆடு மாடு தண்ணி குடிக்கப் போற வழியா இருக்கலாம்.

சில இடத்துல கேட்டே இருக்காது, வேலி மேல ரெண்டு பலகை வெச்ச படி இருக்கும். அதுக்குப் பேரு ஸ்டைல். பேருலதான் ஸ்டைல், மழை நாள்ல நம்ம ஏறி இறங்குறதுல ஒரு ஸ்டைலும் இருக்காது, வழுக்கும். கம்பத்தைப் பிடிச்சுக்குங்க.

மாடு பத்தி பயமிருந்தா: பத்து மாச வயசைத் தாண்டின கறவை இனத்துக் காளையைப் பொதுப்பாதை போற வயல்ல விடக்கூடாதுன்னு 1981-லேருந்து சட்டம் இருக்கு. கறிக்கு வளர்க்கிற இனத்துக் காளையைப் பசுக்களோட சேர்த்து விடலாம். காளையை விட எனக்குக் கன்னுக்குட்டியோட இருக்கிற பசுதான் பயம். தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல போகாதீங்க. நம்ம ஊர் மாட்டுக்கும் இந்த ஊர் மாட்டுக்கும் அதுல வித்தியாசமே கிடையாது.

உங்க வழிக்கு வர்றேன். ஹாரோ ஆன் த ஹில்லிலிருந்து கிரேட் மிஸ்ஸெண்டனுக்கு நேரா ரயில் இருக்கு. சில ஞாயித்துக்கிழமைகள்ல தண்டவாள வேலைன்னு ரயிலை நிறுத்திடுவாங்க, சனிக்கிழமை ராத்திரியே பார்த்துடுங்க. அங்கேருந்து பெரும்பாலும் மிஸ்போர்ன் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா லிட்டில் மிஸ்ஸெண்டன் போய், மேட்டுல காடும் வயலுமா ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவாங்க. சர்க்குலர்னா அவ்வளவுதான், நம்ம கிரிவலம் மாதிரி. திருவண்ணாமலை 14 கிலோமீட்டர், இது பத்துக்குள்ள. அங்க தார் ரோடு, இங்க சேறு. ஆறுன்னு நான் சொன்னதை வெச்சு காவிரியை நினைச்சுக்காதீங்க. நம்ம பாசன வாய்க்கால் அகலம்தான் இருக்கும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வர்ற தண்ணி, அடியில கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். சில வருஷம் மேல்பக்கம் வறண்டும் கிடக்கும். அந்த விஷயத்துல மட்டும் காவிரிதான்.

தலைக்கு மேல வால் பிளந்த பருந்து வட்டம் போடும், ரெட் கைட். இங்கிலாந்துல அத்துப்போன பறவை. 1989-லேருந்து அஞ்சு வருஷம் ஸ்பெயின்லேருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்த சில்டர்ன்ஸ் மலைப்பக்கம் விட்டாங்க. இன்னைக்கு நம்ம ஊர் காக்கா மாதிரி ஆயிடுச்சு.

லிட்டில் மிஸ்ஸெண்டன்ல சர்ச் திறந்திருந்தா அஞ்சு நிமிஷம் உள்ள போங்க. சுவர்ல ஏறத்தாழ நம்ம பெரிய கோயில் காலத்துக் கட்டுமானம் இருக்கு. வாசலுக்கு எதிர்ச்சுவர்ல 13-ஆம் நூற்றாண்டு ஓவியம், புனித கிறிஸ்டோபர் குழந்தை இயேசுவைத் தோள்ல தூக்கி ஆத்தைக் கடக்கிறார். வழிப்போக்கர்களுக்கு அவர்தான் காவல். காலையில அவர் முகத்தைப் பார்த்துட்டா அன்னைக்கு அகால மரணம் இல்லைன்னு ஒரு நம்பிக்கை. அதனாலதான் உள்ள வராம வாசல்லேருந்தே எட்டிப் பார்த்துட்டுப் போற மாதிரி வரைஞ்சிருக்காங்க. நம்ம எல்லைச்சாமிக்கு பஸ்லேருந்தே கும்பிடு போடுறதில்லையா?

வரைபடத்துக்கு ஆர்ட்னன்ஸ் சர்வேயோட (இந்த நாட்டு நில அளவை நிறுவனம்) ஆரஞ்சு அட்டை மேப் வாங்குங்க, இல்லைன்னா அவங்க ஆப். போன்ல இருக்கிற சாதாரண மேப் வயல் பாதையைப் பாதிக்குப் பாதி காட்டாது. ஆரஞ்சு மேப்ல பச்சைப் புள்ளிக்கோடு வந்தா பொதுப்பாதை. இன்னொண்ணு, கேட்டா உங்களுக்கே சந்தோஷமா இருக்கும். இந்த நாட்டை அளக்க 1784-ல வில்லியம் ராய்ங்கிற ராணுவ அதிகாரி போட்ட அடிக்கோட்டோட (மத்த தூரமெல்லாம் கணக்குப் போட முதல்ல துல்லியமா அளக்கிற நேர்கோடு) ஒரு முனை, இன்னைக்கு ஹீத்ரோ விமான நிலையத்தோட வடக்கு ஓரத்துல இருக்கு, அடையாளத்துக்குப் பீரங்கிக் குழாயைப் புதைச்சிருக்காங்க. இந்தியாவை அளக்க 1802-ல லாம்ப்டன்ங்கிற ராணுவ அதிகாரி அடிக்கோடு போட்டது நம்ம பரங்கிமலையிலேருந்து, மீனம்பாக்கத்துக்குப் பக்கத்துல. ரெண்டு நாட்டையும் அளக்கத் தொடங்கின இடத்துலதான் நீங்க ஏறவும் செஞ்சீங்க, இறங்கவும் செஞ்சீங்க.

உடைக்கு வர்றேன். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது, கனக்கும். குடையும் வேண்டாம், காத்துல மடங்கிடும், தொப்பி வெச்ச மழைக்கோட்டு போதும். காலுக்கு கணுக்கால் மூடுற, அடிப்பக்கம் பல் உள்ள பழைய ஷூ எதுவானாலும் சரி. வெறுங்கால்ல சேத்துல இறங்கிப் பழகின எனக்கே இந்தக் களிமண் புதுசு, ஒவ்வொரு அடிக்கும் அரைக் கிலோ ஒட்டிக்கிட்டு வரும். பையில காஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி. பத்து மணிக்காவது கிளம்பிடச் சொல்லுங்க. குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வெச்சாச்சு, நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போயிடும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்குங்க. சர்ச் வளாகத்துல பெஞ்ச் இருந்தா அங்க பிரிச்சுச் சாப்பிடலாம். மூக்கைச் சுளிக்க மாட்டாங்க, என் அனுபவத்துல அடுத்த தடவை எனக்கும் கொண்டு வான்னுதான் சொன்னாங்க. கடைசியில பப்புக்குப் போவாங்க, நீங்களும் போங்க. குடிச்சே ஆகணும்னு இல்ல, லைம் சோடா கேளுங்க. ஆனா ஒருத்தர் எல்லாருக்கும் வாங்கினா அடுத்த ரவுண்டு வேற ஒருத்தர் வாங்கணும், அந்த மரியாதையை மட்டும் விட்டுடாதீங்க.

கிராமத்துக்காரங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு நீங்க கேட்கல, மனசுல இருக்கும்னு தெரியும். லண்டன் ரயில்ல முகத்தைக்கூடப் பார்க்காதவங்க இந்தப் பாதையில "மார்னிங்" சொல்லாமத் தாண்ட மாட்டாங்க. நீங்களும் சொல்லிடுங்க. தனியா நடந்தப்போ ரெண்டு தடவை "வழி தவறிட்டீங்களா?"ன்னு என்னைக் கேட்டிருக்காங்க. அது உதவியா, வேற எதுவுமான்னு எனக்கு இன்னைக்கும் பிடிபடல. மேப்பைக் காட்டி, இல்லைங்கன்னு சிரிச்சுட்டு நடந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழுவாதீங்க. வாசல்ல பேப்பர் விரிச்சுக் காய விட்டு, மறுநாள் தட்டினா மண்ணு பொலபொலன்னு உதிரும். நான் முதல் தடவை பாத்டப்ல வெச்சுக் கழுவினேன். பிளம்பருக்கு அழுதது போக, வீட்டுக்காரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.