வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

கேள்வி: பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த 16 வயதுப் பெண் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் மாமியார் ஆசையாகச் செய்த எண்ணெய்க் குழம்பை, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இன்னொரு கரண்டி வைக்கப்போனால் தட்டைக் கையால் மறைக்கிறாள். எந்நேரமும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உறவினர் முன்னால், "ஏலகிரி போகலாம் என்றீர்களே, ஏன் போகவில்லை?" என்று வேறு கேட்டாள். மாமியார் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: காயைப் பொறுக்கி வாங்கி, மசாலா வறுத்து அரைத்துச் செய்தவருக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் அவள் ஊரில், பிடிக்காததை முதல் நாளே சொல்லிவிடுவதைப் பலரும் நேர்மையாகவே நினைக்கிறார்கள். சும்மா தலையாட்டினால் மறுபடியும் அதையே செய்து சிரமப்படுவீர்களே என்பது அவர்கள் கணக்கு.

நம் பக்கம் விருந்தாளி முதலில் "போதும்" என்பது மரியாதைக்கு. நாமும் விடாமல் "இன்னும் ஒரு வாய்" என்போம், கடைசியில் வாங்கிக்கொள்வார். இது தெரியாத பிள்ளைக்கு, தான் சொல்வதை யாரும் காதிலேயே வாங்கவில்லை என்றுதான் தோன்றும். அதிலும் அங்கே பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ரொட்டி, சீஸ் என்று எளிமையாக முடிந்துவிடும். ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் பாத்திரத்தை நடுவில் வைத்துவிடுங்கள், பசித்தால் அவளே போட்டுக்கொள்வாள். அப்புறம், கதவைச் சாத்துவதில் கோபம் ஒன்றும் இல்லை, அது அவர்கள் வீட்டுப் பழக்கம். தட்டிவிட்டு உள்ளே போங்கள்.

அவள் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலோ ஜாடையாகப் பேசினாலோ அது அவளுக்குப் போய்ச் சேராது. பக்கத்தில் உட்கார வைத்து, "பாட்டி செய்ததை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, 'எனக்கு இது போதும் பாட்டி' என்று சொல்லம்மா, இங்கே யாருக்கும் மனம் நோகாது" என்று நேராகவே சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் பேசிப் பழகிய பெண், இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். பேச்சை நிறுத்திவிட்டால்தான், தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் தவித்துப்போவாள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

மாமியாரிடம் பேசும் வேலையை வேறு யாரிடமும் விடாதீர்கள், நீங்களே பேசுங்கள். இந்தப் பெண் என்றைக்காவது ஒரு பதார்த்தத்தை நன்றாக இருக்கிறது என்றால் அது உபசாரத்துக்குச் சொன்னதாக இருக்காது, அவ்வளவும் நிஜம் என்று சொல்லுங்கள். சமைப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஏலகிரி விஷயத்தில் நியாயம் அவள் பக்கம்தான். முடியாது என்று சொல்லக் கூசி நாம் "போகலாம், பார்க்கலாம்" என்கிறோம். அவள் அதை நம்பிக் காத்திருந்திருக்கிறாள். போவதானால் தேதியையும் கிளம்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலை பக்கம்தான். ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதையும் முன்பே சொல்லுங்கள், தலைசுற்றல் வருமா என்று அவளே சொல்லிவிடுவாள். போக முடியாதென்றால், காரணத்தோடு இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.