டிவியில் ராஸ்பெர்ரி பை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கி டிவியில் மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, டிவியில் ‘நோ சிக்னல்’. போர்டு போய்விட்டதா சார்?

போயிருக்காது. அதில் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ போர்ட் உண்டு. பவர் ஒயருக்குப் பக்கத்தில் இருப்பதில் செருகுங்கள். முதலில் டிவியைப் போட்டுவிட்டு அப்புறம் பைக்குக் கரண்ட் கொடுங்கள். பச்சை விளக்கு மினுக்குகிறதா? மினுக்கவே இல்லையென்றால் பெரும்பாலும் மெமரி கார்டில்தான் கோளாறு. போன் சார்ஜர் போட்டிருந்தால் கழற்றி வையுங்கள். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும்.

கேள்வி: படம் ஓடும்போது மூலையில் மின்னல் குறி வருகிறது. வைரஸா?

போன் சார்ஜர். வோல்டேஜ் இறங்கினால் வருகிற குறி அது.

கேள்வி: டிவி ரிமோட்டிலேயே இயக்க முடியுமா?

முடியும். எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ரிமோட் கட்டளையும் போகும். அதற்குப் பெயர் சிஇசி. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பையில் லிப்ரிஎலெக் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டால் ‘கோடி’ (Kodi) என்ற படம் பார்க்கும் ஆப் தானே திறந்துகொள்ளும், ரிமோட்டின் அம்புக்குறி பட்டன்களே போதும். கம்ப்யூட்டர் என்றால் தொடாத எங்கள் அம்மா இதில்தான் பழைய படம் பார்க்கிறார்.

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸ்?

அதற்குப் பை சரிவராது. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்குங்கள்.

கேள்வி: பை 5 வந்தபிறகும் ஏன் 4-ஐயே சொல்கிறீர்கள்?

வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகளில் எச்.264 ஒன்று, எச்இவிசி அதற்கு அடுத்து வந்தது. 2023-ல் வந்த பை 5-ல் எச்.264 வீடியோவைப் பிரிக்கும் தனிச் சுற்றை எடுத்துவிட்டார்கள். எச்இவிசிக்கு மட்டும்தான் இருக்கிறது. நம் ஹார்டு டிஸ்கில் கல்யாண வீடியோ முதல் கிடப்பதெல்லாம் பெரும்பாலும் எச்.264. அந்த வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழுகிறது.

— என் பை 5-ல் 1080 வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே?

ஓடும், மறுக்கவில்லை. பிராசஸர் வேகம் அப்படி. ஆனால் சூடேறினால் ஃபேன் சுற்றும். ராத்திரி, படத்தில் யாரும் பேசாத காட்சியில் அந்த ‘உய்ய்ங்’ கேட்டிருக்கிறீர்களா?

— சீலிங் ஃபேன் ஓடுகிற ஹாலில் அது யார் காதில் விழும்?

சரி, தோற்றேன். மார்கழியில் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி பேசுவோம்.

கேள்வி: ஹார்டு டிஸ்க் செருகினால் பை அணைந்து அணைந்து எரிகிறது. 65 வாட் போன் சார்ஜர், நல்ல கம்பெனி.

மேலே இருப்பதைப் படித்தீர்களா? அந்த 65 வாட் கூடுதல் வோல்ட்டில் வருவது. 5 வோல்ட்டில் பல சார்ஜர்கள் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். பை 4-ன் நாலு யுஎஸ்பிக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். அடாப்டரை மாற்றியும் அணைந்தால், தனிக் கரண்ட் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கி டிஸ்க்கை அதில் செருகுங்கள்.