டிஃபனி: பெயர்க் கேள்விகளும் பதில்களும்

கே: ஜனவரி 6 அன்று மகள் பிறந்தாள். டிஃபனி என்று வைக்கலாமா? என்ன அர்த்தம்?

ப: தாராளமாக வைக்கலாம், அந்த நாளுக்கே உரிய பெயர். நம்மூர்க் கத்தோலிக்கர் திருக்காட்சி விழா, மூன்று ராஜாக்கள் திருநாள் என்று சொல்கிறார்களே, அதுதான். கிரேக்கத்தில் தியோஃபனியா, அதாவது கடவுள் காட்சி தந்தது. அந்த நாளில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதையே பெயராக வைத்தார்கள். பிரெஞ்சு வாயில் தேய்ந்து டிஃபேன் ஆகி, இங்கிலாந்தில் டிஃபனி ஆனது. இணையப் பெயர்ப் பட்டியல்களில் வேறு அர்த்தம் போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

கே: அது அமெரிக்க நகைக்கடைப் பெயர் சார். கடைப் பெயரையா பிள்ளைக்கு வைப்பது?

ப: 1837இல் நியூயார்க்கில் கடை தொடங்கியவர் சார்ல்ஸ் லூயிஸ் டிஃபனி. கடைக்கு வைத்தது அவருடைய குடும்பப் பெயர். அந்தக் குடும்பப் பெயரும் இந்தப் பழைய பெண் பெயரிலிருந்து வந்ததுதான்.

கே: நியூமராலஜிப்படி எத்தனை எழுத்து வேண்டும்?

ப: ஜோசியரைக் கேளுங்கள்.

கே: நகைக்கடைக் கேள்வி கேட்டவன்தான். சரித்திர நாவலில் ஒரு சீமாட்டிக்கு டிஃபனி என்று பெயர் வைத்தால் யார் நம்புவார்கள்?

ப: நம்ப மாட்டார்கள். அதற்காக உண்மை மாறிவிடுமா? 972இல் பைசாந்தியத்திலிருந்து (கிழக்கு ரோமப் பேரரசு) வந்து ரோமில் புனித ரோமப் பேரரசன் இரண்டாம் ஓட்டோவை மணந்தவள் தியோஃபனு, அதே கிரேக்க வேர்ப் பெயர்தான். கணவன் இறந்தபின் சின்னஞ்சிறு மகனுக்காகப் பேரரசையே ஆண்டாள். 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தளபதி பெர்ட்ரான் து கெக்லானின் மனைவி டிஃபேன் ரகுனெல், ஜோசியம் பார்ப்பதில் பேர் போனவள். (மேலே நியூமராலஜி கேட்டவர் அவளிடம் போயிருக்கலாம்.) பெயர் பழையது, 1980களில் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு ஒலித்ததால் புதிதாகத் தெரிகிறது. உண்மையே பொய் போலத் தோன்றும் இந்தத் தொல்லைக்கு எழுத்தாளர் ஜோ வால்டன் ‘டிஃபனி சிக்கல்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

கே: நடாலி?

ப: லத்தீனில் பிறப்பு. கிறிஸ்துமஸை ஒட்டி வைப்பார்கள். நோயெலும் அதே வேர்தான்.

கே: டிஃபனிக்கு அர்த்தம் என்ன சார்?

ப: முதல் பதில்.

கே: ஒரு வலைத்தளத்தில் ‘வைரம்’ என்று போட்டிருக்கிறதே?

ப: பட்டியலை நம்பாதீர்கள் என்றேனே! நகைக்கடையைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

கே: பள்ளியில் ‘டிபன்’ என்று கிண்டல் செய்வார்களோ?

ப: கண்டிப்பாகச் செய்வார்கள்.