சமையல் அக்காவை நிறுத்தாதீர்கள், கார்டை நிறுத்துங்கள்

கேள்வி: பாளையங்கோட்டை மகாராஜநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை, நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து கைக்கு வருவது 64,000 ரூபாய். மாலை 5.30 முதல் 7.30 வரை டியூஷன் எடுக்கிறேன். அதில் 11,000 வருகிறது. வாடகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் மாதப் பங்கு, கார் தவணை, மளிகை, பெட்ரோல், கரண்ட், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அத்தைக்கு அனுப்பும் 3,000 எல்லாம் சேர்த்து 55,000 ஆகிவிடுகிறது. இது போக, காலையில் சமைக்க வரும் அக்காவுக்கு 5,500, பாத்திரம் துலக்கி வீடு துடைப்பவருக்கு 3,000, அயர்ன் 1,000, கார் துடைக்க 600, தண்ணீர் கேன் 840, பாக்கெட் மாவு 1,000, ஆப்பில் வரவழைக்கும் ராத்திரிச் சாப்பாடு 7,200. இரண்டு வருடம் முன்பு ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்குக் கிரெடிட் கார்டில் 45,000 தேய்த்தோம். மாதாமாதம் மினிமம் தொகையைத் தவறாமல் கட்டியும் இப்போது 1,40,000 நிற்கிறது. “மாவுகூடக் காசு கொடுத்து வாங்கினா வீடு எப்படி உருப்படும், எல்லாத்துக்கும் ஆள் வச்சா இப்படித்தான்” என்கிறார் அத்தை. ஆட்களை நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை நோ காஸ்ட் ஈஎம்ஐயில் எடுத்துவிடலாமா? மிச்சமாகும் பணத்தில் மாதாமாதம் 5,000 ரூபாய்க்கு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் எழுதாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. கார்டு பில்லின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மாத வட்டி பெரும்பாலும் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,40,000 ரூபாய்க்கு 4,900. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 882. ஆக மாதம் 5,782 ரூபாய். நீங்கள் கட்டும் மினிமம் 5% என்றால் 7,000. அதில் அசலில் கழிவது 1,218 ரூபாய்தான்.

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். வரவு 75,000. குடும்பச் செலவு 55,000, ஆட்களுக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் 19,140. கையில் 860 ரூபாய் மிஞ்ச வேண்டும். அதாவது, அத்தை குறை சொல்லும் அத்தனை செலவையும் சேர்த்துக்கூட உங்கள் வீடு கடனில் போகவில்லை. மினிமம் 7,000 கட்டும்போதுதான் 6,140 ரூபாய் துண்டு விழுகிறது. அதையும் அதே கார்டில் தேய்க்கிறீர்கள். 1,218 கழிகிறது, 6,140 ஏறுகிறது. மாதம் ஐயாயிரம் வீதம் கடன் வளர்வது இப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாகத் தேய்ப்பதற்கு நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத் தவணை கிடையாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி வரவழைத்த பரோட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமையே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஐந்து சதவீதம் கேஷ்பேக் என்று சொல்லித் தரும் கார்டானாலும் இதே கதைதான்.

எஸ்ஐபி பற்றி ஒரே வரி: வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கடனை அடைப்பதைவிடப் பெரிய லாபம் தரும் முதலீடு எதுவும் இல்லை.

இனி அத்தை சொன்ன மாவு. ஒரு கிலோ இட்லி அரிசி 48 ரூபாய், கால் கிலோ உளுந்து 35 ரூபாய், வெந்தயம், கரண்ட் எல்லாம் சேர்த்து 90 ரூபாய் என்று வையுங்கள். ஆட்டி எடுத்தால் மூன்று கிலோவுக்கு மேல் மாவு நிற்கும். கிலோ 28 ரூபாய் அடங்கும். நீங்கள் வாங்குவது 50 ரூபாய் வீதம் மாதம் 20 கிலோ. வீட்டில் ஆட்டினால் மிச்சம் 440 ரூபாய். கார்டுக்கு ஒரு மாதம் கட்டும் வட்டியை இந்த மாவில் மிச்சம் பிடிக்க 13 மாதம் ஆகும். ஆனாலும் ஆட்டுங்கள் என்றே சொல்வேன்; காரணம் 440 ரூபாய் அல்ல. ஃப்ரிட்ஜில் நல்ல மாவு இருக்கிற வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு ஆப்பைத் திறக்கும் கை கொஞ்சம் தயங்கும். ஐந்து நாளைக்கு ஒரு தடவை, மாதம் ஆறு தடவை ஆட்டினால் போதும். அரிசியைக் கழுவி ஊறப்போடுவதும் கிரைண்டரைக் கழுவுவதும் உங்கள் கணவர் பொறுப்பாக இருக்கட்டும். உளுந்தை முதலில், குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஆட்டுங்கள். சூடேறினால் மாவு பொங்காது. நம் ஊர் வெயிலுக்கு ஆறேழு மணி நேரத்தில் புளித்துவிடும். அதனால் ஆட்டியதும் பாதியை உப்புப் போடாமல் தனிப் பாத்திரத்தில் எடுத்து நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

நிஜமான ஓட்டை ராத்திரிச் சாப்பாட்டில் இருக்கிறது. 400 ரூபாய் வீதம் மாதம் 18 தடவை. உங்கள் கடிதத்தைப் படித்தால் காரணம் தெரிகிறது: டியூஷன் முடியும்போது மணி 7.30, அடுப்படிக்குப் போகத் தெம்பில்லை. அது குற்றமில்லை. ஆனால் மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். டியூஷனில் மாதம் 22 நாள், 44 மணி நேரம் உழைத்து 11,000. மணிக்கு 250 ரூபாய். சமையல் அக்கா தினம் ஒன்றரை மணி நேரம், 26 நாளில் 39 மணி நேரம். மணிக்கு 141 ரூபாய். 400 ரூபாய் ஆர்டரோ, வீட்டில் 100 ரூபாய்ச் சாமானில், முக்கால் மணி நேரத்தில் ஆகிற காரியம். கூடுதலாகக் கொடுக்கும் 300 ரூபாயை மணிக் கணக்கில் சொன்னால் 400. மணிக்கு 250 சம்பாதித்து, மணிக்கு 400 கொடுத்து வேலையை வெளியில் விடுகிறீர்கள். மணிக்கு 141 வாங்குபவரையோ நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

சமையல் அக்காவிடம் இப்படிக் கேளுங்கள்: “காலையில அரைமணி நேரம் கூட இருந்து, ராத்திரிக்கும் சேர்த்து ஒரு குழம்போ கூட்டோ வச்சிட்டுப் போக முடியுமாக்கா? மாசம் ஆயிரம் சேர்த்துத் தாரேன்.” அவருக்கு அடுத்த வீட்டு வேலை இருந்தால் வாரத்துக்கு ஒரு நாள் புளிமிளகாயாவது செய்து வைத்துவிட்டுப் போகட்டும். கால் கிலோ பச்சை மிளகாயைக் கீறி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, உப்பு, துண்டு வெல்லம் போட்டு எண்ணெய் பிரியக் கொதிக்கவிட்டால், ஈரக் கரண்டி படாதவரை ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். தோசை மாவும் அதுவும் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு கால் மணி நேரத்தில் முடியும். பிள்ளைகளுக்கு எள்ளுப் பொடி போதும்.

ஆர்டர் மாதம் மூன்றோடு நிற்கட்டும். அதற்குக் காசைத் தனிக் கவரில் வையுங்கள். டெலிவரி இலவசம் என்று மூன்று மாதச் சந்தா கட்டியிருந்தால் புதுப்பிக்காதீர்கள்; சந்தா கட்டிய காசுக்கு வாங்கியாக வேண்டும் என்று மனது சொல்லும்.

பாத்திரம் கழுவும் மெஷின் இப்போது வேண்டவே வேண்டாம். நோ காஸ்ட் என்பதில் வட்டி காணாமல் போவதில்லை. வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். பெரிய இட்லிக் கொப்பரையும் இரும்புத் தோசைக்கல்லும் அதற்குள் போகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தனி உப்பு வாங்கிப் போட வேண்டும். மெஷின் வீடும் துடைக்காது. 3,000 ரூபாய்க்கு இரண்டு வேலையும் செய்கிறவரை நிறுத்தி, அந்த இடத்தில் தவணை ஒன்றைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அவர் வீட்டு அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது.

மற்றவை சின்னவை. காரை ஞாயிற்றுக்கிழமை கணவர் துடைக்கட்டும். அயர்னுக்குப் பள்ளி, ஆபீஸ் துணி மட்டும் போகட்டும், 400 போதும். தெருவில் தாமிரபரணிக் குடிநீர் வந்தால் காய்ச்சி வடிகட்டிக் குடியுங்கள். கேன் செலவு மிச்சம்.

இனி கடன். லாக்கரில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ 1,40,000 ரூபாய்க்கு நகைக்கடன் எடுத்து கார்டை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். மாதத் தவணையில் கட்டும் நகைக்கடன் என்று கேட்டு வாங்குங்கள். 10% வட்டியில் 24 மாதம் என்றால் தவணை சுமார் 6,460 ரூபாய் வரும். இரண்டு வருடத்துக்கும் மொத்த வட்டி சுமார் 15,000. கார்டில் மூன்று மாதத்துக்குள் போகிற காசு. ஒரு வருடம் கழித்து மொத்தமாகத் திருப்பும் கடனை எடுக்காதீர்கள். நம் பக்கம் வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தே நகையை இழந்த குடும்பங்கள் ஏராளம். “இந்த நகைக்கு இன்னும் எண்பதாயிரம் கிடைக்கும், எடுத்துக்கோங்க” என்று கவுண்டரில் சொல்வார்கள். வேண்டாம். கடனுக்கு எத்தனை பவுன் தேவையோ அதை மட்டும் வைத்துவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கிராமுக்கு அதிகம் தருகிறோம் என்னும் தனியார் கடைகளில் வட்டி விகிதத்தை எழுத்தில் பார்க்காமல் வளையலைக் கழற்றாதீர்கள். அத்தையிடம் நீங்களும் கணவருமாகச் சேர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து வைக்கும் கடனுக்குத்தான் மினிமம் கட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

புதுக் கணக்கு இப்படி நிற்கும். 75,000 வரவில் 55,000 செலவும் 6,460 தவணையும் போக 13,540. சமையல் அக்காவுக்கு 6,500, வீட்டு வேலைக்கு 3,000, மூன்று ஆர்டருக்கு 1,200, அயர்ன் 400, மாவுச் சாமான் 600, மற்ற ராத்திரிகளுக்குக் கூடுதல் மளிகை 1,500, மொத்தம் 13,200. மிச்சம் 340 ரூபாய். இழுத்துப் பிடித்த கணக்குதான், ஆனால் துண்டு விழவில்லை. காய்கறியை ஆப்பில் வாங்காமல் மகாராஜநகர் உழவர் சந்தையில் காலையில் வாங்கினால் இன்னும் கொஞ்சம் மூச்சு விடலாம். கோடை விடுமுறையில் டியூஷன் பணம் வராது. கணவரின் தீபாவளி போனஸை அந்த ஓட்டைக்கென்று இப்போதே ஒதுக்குங்கள்.

பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பங்கு உண்மையிலேயே தனியாக எங்காவது சேர்கிறதா? சம்பளம் வந்த மறுநாளே வங்கியில் மாதாமாதம் சேர்க்கும் ஆர்டி ஒன்றில் போய் விழும்படி செய்துவிடுங்கள். கடன் ஆரம்பித்ததே ஒரு ஜூன் மாதத்தில்தான்.

கார்டை அடைக்கும் நாளில் பில்லில் உள்ள தொகையைப் பார்த்துக் கட்டாதீர்கள். வங்கிக்குப் போன் செய்து, இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். சாப்பாட்டு ஆப், ரீசார்ஜ், ஓடிடி எல்லாவற்றிலும் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்து, தானாகப் பணம் எடுக்கும் அனுமதிகளையும் ரத்து செய்யுங்கள். அப்படியும் அடுத்த மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு பில் வரலாம். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடையில் ஓடிய வட்டி அது. முடித்துவிட்டோமே என்று அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் தாமதக் கட்டணமும் கட்டி, கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணையும் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி மின்னஞ்சலில் எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூடியாயிற்று என்ற பதில் வந்ததும் அதை அச்செடுத்து நகைக்கடன் ரசீதோடு சேர்த்து வையுங்கள்.