தனி வகுப்பு வேண்டாம், தெருவே ஓடட்டும்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. உயரம் 138 செ.மீ., எடை 46 கிலோ. பி.டி. பீரியடில் மற்ற பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று ஓடாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். எங்கள் தெருவில் இவனைப் போல ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் சேர்த்து சாயங்காலம் உடற்பயிற்சி வகுப்பு நடத்த நினைக்கிறோம். எடை சீக்கிரம் குறைய என்ன பயிற்சி கொடுக்கலாம்?
ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: கட்டாயம் நடத்துங்கள் அம்மா. ஆனால் "அவர்களை மட்டும்" என்பதை விட்டுவிடுங்கள். நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி எண்ணைச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை மறுநாளிலிருந்து வரவே இல்லை. அது என் தப்புதான், இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அதற்கப்புறம் மைதானத்துக்கு எடை மிஷின் கொண்டுபோனதே இல்லை.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் ஊர்ப் பள்ளி ஒன்றில் 2012ல் 'டெய்லி மைல்' என்று ஆரம்பித்தார்கள். தினமும் 15 நிமிஷம், வகுப்பு முழுக்க, போட்டிருக்கிற உடுப்போடேயே வெளியே போய் ஓடுவது, முடியாதவர்கள் நடப்பது, அவ்வளவுதான். யார் முதலில் வந்தது என்ற பேச்சே கிடையாது. உங்கள் தெருவுக்கும் அதுதான் சரி, ஒல்லிப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடங்கள்.

அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் சொன்ன கணக்குக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற எண், 24 வருகிறது, 10 வயதுக்கு அது பருமன்தான். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் தடித்துக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பல அம்மாக்கள் அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பலமான குறட்டை, முட்டிவலி, நொண்டி நடப்பது, இவை இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் குறைய வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வான், எடை ஏறாமல் நின்றாலே பெரிய வெற்றி. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிஷம் நன்றாக மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை, முதல் வாரம் 10 நிமிஷம் போதும். சாரல் நேரத்தில் ஏதாவது மண்டபத்திலோ வராந்தாவிலோ ஸ்கிப்பிங் ஆடட்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. எப்போதாவது குடும்பத்தோடு சாப்பிடுகிற பார்டர் பரோட்டாவைத் தடுக்காதீர்கள், ஆனால் ஓடிக் களைத்து வந்தான் என்று ரோஸ்மில்க்கும் நேந்திரங்காய் சிப்ஸும் நீட்டாதீர்கள், மோரும் சுண்டலும் கொடுங்கள்.

அப்புறம், வெறும் ஓட்டமாகவே வைத்தால் உங்கள் மகன் தினமும் கடைசியில்தான் வருவான், நாலே நாளில் நின்றுவிடுவான். கபடி ஆடவிடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஓணத்துக்கு வடம் இழுப்பார்களே, அதையும் வாரம் ஒருநாள் வையுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் விடாதீர்கள். உங்கள் மகனை வடத்தின் கடைசி ஆளாக நிறுத்துங்கள், அந்த இடத்துக்குக் கனமான ஆள்தான் வேண்டும், இரண்டு பக்கமும் அவனைத்தான் கேட்பார்கள்.